வால்டர் டல்: திடலிலும் போர்முனையிலும் முன்னால் நின்றவர்



டோட்டன்ஹாம் குழுவுக்கு நம்ம ஊரிலும் ரசிகர்கள் நிறைய. சனிக்கிழமை ராத்திரி மாமாக் கடையில் பெரிய திரைக்கு முன்னால் உட்கார்ந்து, தே தாரிக் ஆறிப்போனதுகூடத் தெரியாமல் ஆட்டம் பார்க்கிறவர்களில் நீங்களும் ஒருவராக இருக்கலாம். இன்றைய ஆட்டக்காரர்கள் யார், யாரை எவ்வளவு விலைக்கு வாங்கினார்கள், யாருக்குக் காயம் என்பதெல்லாம் உங்களுக்கு மனப்பாடம். ஆனால் அதே குழுவுக்கு 1909-இல் ஆடிய ஒரு கறுப்பின இளைஞரைப் பற்றிக் கேட்டால், பெரும்பாலோர் உதட்டைப் பிதுக்குவீர்கள். அவர் பெயர் வால்டர் டல்.

தொழில்முறைக் காற்பந்து ஆட்டக்காரர். முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் ராணுவ அதிகாரியாக இருந்து, முப்பது வயதுகூட நிறையாமல் போர்க்களத்திலேயே உயிர்விட்டவர். போர் வீரர்களைப் பற்றி எழுதினால் வீரம், தியாகம் என்று பெரிய வார்த்தைகளாக அடுக்கிவிட்டுப் போய்விடலாம். எனக்கு அதில் விருப்பமில்லை. இவர் வாழ்க்கையைப் படிக்கும்போது என் மனசில் நின்ற விஷயம் வேறு. இவருக்குத் திறமை எப்போதும் இருந்தது. ஆனால் பக்கத்தில் யார் நின்றார்கள், யார் விலகிப் போனார்கள் என்பதுதான் ஒவ்வொரு கட்டத்திலும் கதையைத் திருப்பியது. அதைத்தான் உங்களிடம் சொல்ல நினைக்கிறேன்.

தச்சர் வீட்டுப் பிள்ளை

வால்டர் டேனியல் ஜான் டல் 1888 ஏப்ரல் 28-ஆம் நாள், இங்கிலாந்தின் தென்கிழக்குக் கடற்கரையில் உள்ள ஃபோக்ஸ்டன் நகரில் பிறந்தார். அப்பா டேனியல், கரிபியன் கடலில் இருக்கும் பார்படோஸ் தீவிலிருந்து பிழைப்புத் தேடி வந்த தச்சர். டேனியலின் அப்பா, அதாவது வால்டரின் தாத்தா, அத்தீவில் அடிமையாக இருந்தவர். அம்மா ஆலிஸ், அதே கெண்ட் வட்டாரத்தைச் சேர்ந்த வெள்ளைக்காரப் பெண். சாதாரணத் தொழிலாளிக் குடும்பம். வீடு நிறையப் பிள்ளைகள்.

வால்டருக்கு ஏழு வயதாகும்போது, 1895-இல், அம்மா புற்றுநோயால் இறந்துபோனார். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமே! அப்பா, இறந்துபோன மனைவியின் உறவுக்காரப் பெண்ணான கிளாராவை மறுமணம் செய்துகொண்டார். அவர்களுக்கு ஒரு பெண் குழந்தையும் பிறந்தது. ஆனால் 1897 முடிவதற்குள் அப்பாவும் இதய நோயால் போய்விட்டார். இரண்டே வருடத்தில் தாயும் இல்லை, தகப்பனும் இல்லை.

கிளாராவின் நிலைமையை நினைச்சுப் பாருங்க. கையில் பச்சைக் குழந்தை, மூத்தாள் பிள்ளைகள் ஒரு பக்கம், வருமானம் கிடையாது. உள்ளூர் மெதடிஸ்ட் தேவாலயத்தின் பாதிரியார் ஒரு வழி சொன்னார். பள்ளி வயதில் இருந்த இரண்டு பையன்களை, எட்வர்டையும் வால்டரையும், லண்டனில் உள்ள அநாதை இல்லத்தில் சேர்க்கலாம் என்றார். 1898-இல், லண்டனின் பெத்னல் கிரீன் பகுதியில் மெதடிஸ்ட் சபையார் நடத்திவந்த இல்லத்துக்கு அண்ணனும் தம்பியும் போய்ச் சேர்ந்தார்கள். அண்ணனுக்கு வயது 11, தம்பிக்கு 9.

அண்ணன் போனான், தம்பி நின்றான்

அந்த இல்லத்துப் பிள்ளைகளுக்கு ஒரு பாடகர் குழு இருந்தது. ஊர் ஊராகப் போய்ப் பாடி இல்லத்துக்கு நிதி திரட்டுவார்கள். சகோதரர்கள் இருவருமே அதில் பாடினார்கள். அப்படி ஸ்காட்லாந்துக்குப் போயிருந்தபோது எட்வர்டின் குரல் வார்னாக் என்ற கிளாஸ்கோ குடும்பத்தாரைக் கவர்ந்துவிட்டது. 1900-இல் அவர்கள் எட்வர்டைத் தத்து எடுத்துக்கொண்டார்கள்.

எட்வர்டுக்கு அது நல்ல காலம். நன்றாகப் படித்துப் பல் மருத்துவரானார். பிரிட்டனில் அந்தத் தொழிலுக்கு வந்த முதல் கறுப்பினத்தவர்களில் அவரும் ஒருவர். வார்னாக் குடும்பத்தார் செய்ததைச் சின்ன விஷயமாக நினைக்காதீங்க. 1900-ஆம் ஆண்டில் ஒரு வெள்ளைக்காரக் குடும்பம், தோல் நிறம் வேறான ஒரு பிள்ளையைத் தன் பிள்ளையாக ஏற்று, தன் பெயரையும் கொடுத்து வளர்த்திருக்கிறது.

வால்டருக்கோ அது இன்னொரு பிரிவு. அப்பா, அம்மா, வீடு எல்லாம் போய், ஒட்டிக்கொண்டிருந்த அண்ணனும் போய்விட்டான். பன்னிரண்டு வயதுப் பையன் அந்தப் பெரிய இல்லத்தில் தனியாக நின்றான். ஆனாலும் அண்ணன் தம்பி பாசம் கடைசிவரை அறுந்துபோகவில்லை. வால்டர் இறந்த செய்தி போய்ச் சேர்ந்ததும் அந்த அண்ணன் வீட்டுக்குத்தான்.

இல்லத்தில் பிள்ளைகளுக்குக் கைத்தொழில் கற்றுக்கொடுத்தார்கள். வால்டர் அச்சுத் தொழில் பழகினார். மாலையில் காற்பந்து. இல்லத்துக் குழுவில் ஆட ஆரம்பித்தவர்தான், காலில் பந்து வந்தால் பதறாமல் யோசித்து ஆடும் பையன் என்று பெயர் எடுத்தார்.

ஒரே பருவத்தில் மூன்று கிண்ணங்கள்

1908-இல், இருபது வயதில், லண்டனின் கிளாப்டன் குழு வால்டரைச் சோதித்துப் பார்த்துச் சேர்த்துக்கொண்டது. கிளாப்டன் சம்பளம் இல்லாமல் ஆடும் அமெச்சூர் குழு. ஆனால் அந்த வகைக் குழுக்களில் பலம் வாய்ந்தது. அவர் ஆடிய அந்த ஒரே பருவத்தில் எஃப்.ஏ. அமெச்சூர் கிண்ணம், லண்டன் சீனியர் கிண்ணம், லண்டன் வட்டார அமெச்சூர் கிண்ணம் என்று மூன்றையும் கிளாப்டன் வென்றது. அந்தப் பருவத்தில் கிடைத்த சிறந்த புதிய ஆட்டக்காரர் என்று பத்திரிகையே அவரைப் பாராட்டி எழுதியது.

அடுத்த சில மாதங்களில் டோட்டன்ஹாம் கூப்பிட்டது. 1909 கோடையில் அக்குழு அர்ஜெண்டினாவுக்கும் உருகுவேக்கும் ஆட்டப் பயணம் போனபோது வால்டரையும் அழைத்துச் சென்றது. பிறகு அவர் முறைப்படி தொழில்முறை ஆட்டக்காரராகக் கையெழுத்திட்டார். அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் ஆட்டக்காரர்களின் சம்பளத்துக்கு உச்சவரம்பு உண்டு. வாரத்துக்கு 4 பவுண்டுக்குமேல் யாருக்கும் கொடுக்கக்கூடாது. இன்றைய கோடிகளைப் பார்த்தால் சிரிப்பு வரும். ஆனால் அநாதை இல்லத்தில் வளர்ந்து அச்சுக்கூடத்தில் வேலை பழகிய பையனுக்கு அது கௌரவமான வருமானம்.

அதே ஆண்டுதான் டோட்டன்ஹாம் முதல் பிரிவுக்கு உயர்ந்திருந்தது. செப்டம்பரில் சண்டர்லாந்துக்கு எதிராக வால்டர் முதல் பிரிவில் காலடி வைத்தார். அடுத்து, அந்த ஆண்டு எஃப்.ஏ. கிண்ணத்தை வென்றிருந்த மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு எதிராகச் சொந்தத் திடலில் ஆடினார். தாக்குதல் வரிசையில் நிதானமாக, துல்லியமாகப் பந்து கொடுக்கும் அவருடைய ஆட்டத்தைப் பத்திரிகைகள் மெச்சின. பையன் பெரிய ஆளாக வரப்போகிறான் என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது.

பிரிஸ்டலில் நடந்தது

1909 அக்டோபர். பிரிஸ்டல் சிட்டி குழுவுக்கு எதிராக அவர்கள் திடலில் ஆட்டம். கூட்டத்தில் ஒரு பகுதியினர், வால்டர் பந்தைத் தொட்ட போதெல்லாம் அவருடைய நிறத்தைச் சொல்லிக் கேவலமாகக் கத்த ஆரம்பித்தார்கள். அங்கே இருந்த செய்தியாளர் ஒருவருக்கே அது தாங்கவில்லை. கத்தியவர்களைக் கண்டித்தும், அத்தனைக்கும் நடுவில் வால்டர் நடந்துகொண்ட விதமும் ஆட்டமும் திடலில் இருந்த வெள்ளைக்கார ஆட்டக்காரர்கள் எல்லாருக்கும் முன்மாதிரி என்றும் எழுதினார். நூறு வருடத்துக்கு முன்னால் ஒரு பத்திரிகைக்காரர் இப்படி எழுதியிருக்கிறார் என்பதைக் கவனிங்க.

வால்டர் திரும்பக் கத்தவில்லை, ஆட்டத்தை விட்டுப் போகவில்லை, ஆடினார். அவர் செய்யக்கூடியதைச் செய்துவிட்டார். ஆனால் குழு என்ன செய்தது? கொஞ்ச நாளில் அவர் முதல் குழுவிலிருந்து இரண்டாம் நிலைக் குழுவுக்கு இறக்கப்பட்டார். இரண்டு ஆண்டுகளில் டோட்டன்ஹாமின் முதல் குழுவுக்காக லீக்கில் அவர் ஆடியது மொத்தமே 10 ஆட்டங்கள், அடித்தது 2 கோல். கத்தினவன் கூட்டத்திலேயே இருந்தான். கத்தப்பட்டவர் ஓரத்துக்குப் போனார்.

இந்த இடத்தில் நான் கொஞ்சம் நிற்க வேண்டியிருக்கிறது. வாரக் கடைசியில் எங்கள் தாமான் திடலில் பையன்களுக்குக் காற்பந்து பழக்கிக் கொடுக்கிறவன் நான். நிறத்தைச் சொல்லிக் கூப்பிடுவது எங்கேயோ இங்கிலாந்தில், எப்போதோ நடந்த சமாச்சாரம் இல்லை. எதிர்க் குழுக்காரன் சொன்னால் நமக்குக் கோபம் வருகிறது, நியாயம்தான். ஆனால் நம்ம பையன்களே நம்ம பையனைக் கறுப்பன், கரிக்கட்டை என்று கூப்பிட்டுச் சிரிப்பதை நான் வாராவாரம் கேட்கிறேன். சும்மா தமாஷுக்கு என்பார்கள். கூப்பிடப்படுகிற பையனும் கூடச் சிரிப்பான், வேறென்ன செய்வான்? கொஞ்ச நாளில் பயிற்சிக்கு வருவதை நிறுத்திவிடுவான். யாரும் அவனைத் துரத்தவில்லை, ஆனாலும் அவன் போய்விட்டான். வால்டரின் கதையில் பிரிஸ்டல் பகுதியைப் படிக்கும்போது அப்படிப்பட்ட முகங்கள்தான் எனக்கு ஞாபகம் வருகின்றன.

கைகொடுத்த ஹெர்பர்ட் சாப்மன்

நல்லவேளை, ஓர் ஆள் வால்டரைக் கவனித்துக்கொண்டிருந்தார். நார்தாம்ப்டன் டவுன் குழுவின் நிர்வாகி ஹெர்பர்ட் சாப்மன். காற்பந்து வரலாறு படித்தவர்களுக்கு இந்தப் பெயர் தெரியும். பின்னாளில் ஹட்டர்ஸ்ஃபீல்டையும் அர்செனலையும் லீக் வெற்றியாளர்களாக்கிய மாமேதை. அவரும் ஒரு காலத்தில் டோட்டன்ஹாமுக்கு ஆடியவர்தான். 1911 அக்டோபரில் நல்ல தொகை கொடுத்து வால்டரைத் தன் குழுவுக்கு அழைத்துக்கொண்டார்.

நார்தாம்ப்டன் அப்போது சதர்ன் லீக்கில் ஆடிய குழு. டோட்டன்ஹாமோடு ஒப்பிட்டால் சின்ன இடம். ஆனால் அங்கே வால்டருக்கு நிம்மதியாக ஆடக் கிடைத்தது. சில காலம் தாக்குதல் வரிசையில் ஆடினார். பிறகு மத்தியத் திடலில் நிலையாக நின்றார். தாக்குதலுக்கும் தற்காப்புக்கும் நடுவில் நின்று ஆட்டத்தைக் கட்டி நடத்துகிற அந்த வேலை அவருடைய குணத்துக்குப் பொருத்தமாக அமைந்தது. 1912-இல் பிரிஸ்டல் ரோவர்ஸ் குழுவுக்கு எதிரான ஓர் ஆட்டத்தில் தனி ஆளாக 4 கோல் போட்டார். தன்னை அவமானப்படுத்திய அதே நகரத்தின் இன்னொரு குழு! சும்மா சொல்லக்கூடாது, படிக்கிற நமக்கே ஒரு சந்தோஷம் வருகிறது.

சாப்மன் 1912-இல் வேறு குழுவுக்குப் போய்விட்டாலும் வால்டர் அங்கேயே நிலைத்தார். மொத்தம் 111 ஆட்டங்கள். டோட்டன்ஹாமில் 10, நார்தாம்ப்டனில் 111. ஆள் ஒருவர்தான், கால்களும் அதே கால்கள்தான். நம்பி ஆடவிட்ட இடம் மட்டும்தான் வேறு.

காற்பந்துப் பட்டாளம்

1914 ஆகஸ்டில் முதல் உலகப் போர் வெடித்தது. ஊரெல்லாம் இளைஞர்கள் படையில் சேர்ந்துகொண்டிருக்க, காற்பந்து லீக் மட்டும் வழக்கம்போல நடந்தது. இளைஞர்கள் போர்முனையில் சாகும்போது இவர்கள் பந்து உதைக்கிறார்களே என்று கடும் கண்டனம் எழுந்தது. அந்தச் சூழலில் டிசம்பர் மாதம், காற்பந்து ஆட்டக்காரர்களுக்கென்றே மிடில்செக்ஸ் படைப்பிரிவில் 17-ஆவது பட்டாளம் உருவானது. காற்பந்துப் பட்டாளம் என்றே அதற்குப் பெயர் வந்தது. நார்தாம்ப்டன் ஆட்டக்காரர்களில் முதல் ஆளாகப் பெயர் கொடுத்தவர் வால்டர்.

அந்தப் பருவம் முடியும்வரை ஆட்டக்காரர்களுக்குச் சனிக்கிழமை ஆட்டத்துக்கு லீவு கிடைத்தது. அதற்குப் பிறகு முழுநேரப் பயிற்சி. 1915 நவம்பரில் பட்டாளம் பிரான்சுக்குப் போனது. அதற்குள் வால்டர் சார்ஜன் நிலைக்கு உயர்ந்திருந்தார். மற்றவர்களை அதட்டாமல் வழிநடத்தத் தெரிந்தவர் என்பதை மேலதிகாரிகள் சீக்கிரமே கண்டுகொண்டார்கள்.

பதுங்குகுழி வாழ்க்கை எப்படியிருந்தது என்று கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்க. முழங்கால் அளவு சேறு, எலி, பேன், இரவு பகலாகப் பீரங்கிச் சத்தம். பக்கத்தில் பேசிக்கொண்டிருந்தவன் அடுத்த நிமிஷம் இருக்கமாட்டான். 1916 மே மாதம் வால்டரின் மனநிலை பாதிக்கப்பட்டு, சிகிச்சைக்காக அவரை இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். குண்டுச் சத்தமும் சாவும் மனிதனின் மனதை உடைத்துவிடும் என்பதை அந்தப் போரில்தான் உலகம் பெரிய அளவில் பார்த்தது. மனசுக்கு முடியவில்லை என்று சொல்லி மருத்துவரைப் பார்ப்பதைக் கோழைத்தனமாக நினைக்கிற இளைஞர்கள் நம்மிலும் உண்டு. அவர்கள் இந்த வரியை இன்னொருமுறை படிக்கணும். வீரன் என்று பெயர் எடுத்தவருக்கும் அது வந்தது, சிகிச்சை எடுத்தார், தேறினார்.

தேறியபின் அதே ஆண்டு செப்டம்பரில் மறுபடியும் பிரான்ஸ். சோம் நதிப் போரின் கடைசிக் கட்டத்தில் போரிட்டார். டிசம்பரில் பதுங்குகுழிக் காய்ச்சல் வந்து திரும்பவும் ஊருக்கு அனுப்பப்பட்டார்.

தாளில் இருந்த சட்டம்

இங்கேதான் கதை இன்னொரு திருப்பத்துக்கு வருகிறது. குணமான பிறகு வால்டரை அதிகாரிப் பயிற்சிக்கு ஸ்காட்லாந்துக்கு அனுப்பினார்கள். அன்றைய பிரிட்டிஷ் ராணுவ விதிகளின்படி, அதிகாரியாக இருப்பவர் ஐரோப்பிய வம்சாவளியினராக இருக்க வேண்டும். கறுப்பினத்தவர் சிப்பாயாகச் சாகலாம், அதிகாரியாகக் கட்டளை இடமுடியாது. சட்டம் அப்படித்தான் இருந்தது. அதை யாரும் மாற்றவும் இல்லை.

ஆனால் வால்டரோடு போர்முனையில் இருந்த அதிகாரிகளுக்கு அவரைத் தெரியும். அவர்கள் பரிந்துரை செய்தார்கள். போரில் அதிகாரிகள் கும்பல் கும்பலாக மடிந்துகொண்டிருந்ததால் ராணுவத்துக்கும் ஆள் தேவைப்பட்டது. 1917 மே 30-ஆம் நாள் வால்டர் டல் இரண்டாம் லெப்டினன் ஆனார். பிரிட்டிஷ் ராணுவத்தில் வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்குத் தலைமை தாங்கிப் போரிட்ட முதல் கறுப்பின அதிகாரிகளில் அவரும் ஒருவர்.

இதை வைத்து, திறமை இருந்தால் எல்லாக் கதவும் தானாகத் திறக்கும் என்று நான் சொல்லமாட்டேன். கதவு தானாகத் திறக்கவில்லை. உள்ளே இருந்த சிலர் எழுந்து வந்து திறந்தார்கள்.

1917 நவம்பரில் அவருடைய 23-ஆவது பட்டாளம் இத்தாலிக்கு அனுப்பப்பட்டது. அதுவும் காற்பந்து ஆட்டக்காரர்களின் பட்டாளம்தான். பியாவே ஆற்றுக்கு இந்தக் கரையில் நேச நாட்டுப் படைகள், அந்தக் கரையில் எதிரிப் படைகள். 1918 புத்தாண்டு வேளையில், கடுங்குளிரில், வால்டர் 26 பேரை அழைத்துக்கொண்டு இரவில் ஆற்றைக் கடந்து எதிரியின் பகுதிக்குள் தாக்குதல் நடத்தப் போனார். குண்டு மழைக்கு நடுவில் வேலையை முடித்துத் திரும்பினார். 26 பேரும் உயிரோடு வந்தார்கள். ஒருவரைக்கூட அவர் இழக்கவில்லை. படைத்தலைவர் மேஜர் ஜெனரல் சிட்னி லாஃபர்ட், அவருடைய துணிவையும் பதறாத குணத்தையும் எழுத்துமூலமாகப் பாராட்டினார். திடலில் ரசிகர்கள் பார்த்த அதே நிதானம்தான் அது.

மார்ச் 25

1918 மார்ச்சில் பட்டாளம் பிரான்சுக்குத் திரும்பியது. 21-ஆம் நாள் ஜெர்மானியர்கள் தங்கள் மாபெரும் வசந்தகாலத் தாக்குதலைத் தொடங்கினார்கள். பிரிட்டிஷ் படைகள் பின்வாங்க வேண்டிய நிலை. 25-ஆம் நாள், பாபோம் நகருக்கு அருகிலுள்ள ஃபாவ்ரேய் என்ற கிராமத்துப் பக்கம், தன் ஆட்களை நடத்திக்கொண்டிருந்த வால்டர் துப்பாக்கிக் குண்டு பட்டு விழுந்தார். இன்னும் ஒரு மாதம் இருந்திருந்தால் அவருக்கு முப்பது வயது.

பின்வாங்கும் நேரத்தில் ஒவ்வொருவனுக்கும் தன் உயிர்தான் பெரிது. அப்போதும் டாம் பில்லிங்ஹம் என்ற சிப்பாய் அவரைத் தூக்கிக்கொண்டு வர முயன்றார். பில்லிங்ஹம் போருக்கு முன் லெஸ்டர் ஃபோஸ் குழுவின் கோல் காவலர். குண்டுகளுக்கு நடுவில் கொஞ்ச தூரம் சுமந்தார். எதிரிகள் நெருங்கிவிட்டதால் விட்டுவர வேண்டியதாயிற்று. வால்டரின் உடல் பிறகு கிடைக்கவே இல்லை.

கிளாஸ்கோவில் அண்ணன் எட்வர்டுக்குத் தகவல் போனது. வால்டரோடு பணியாற்றிய அதிகாரிகள் அவருக்கு ஆறுதல் கடிதம் எழுதினார்கள். தம்பி எல்லாருக்கும் பிரியமானவராக இருந்தார் என்றும், ராணுவச் சிலுவை விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டிருந்தார் என்றும் அதில் தெரிவித்தார்கள். அந்த விருது வரவில்லை. அதை இப்போதாவது கொடுங்கள் என்று பிரிட்டனில் பலர் இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

அதன்பிறகு பல பத்தாண்டுகள் வால்டரை ஏறத்தாழ எல்லாரும் மறந்துவிட்டார்கள். ஃபில் வசிலி போன்ற ஆய்வாளர்கள் பழைய பத்திரிகைகளையும் ராணுவப் பதிவுகளையும் தேடி எடுத்து எழுதிய பிறகுதான் பெயர் மீண்டும் வெளிச்சத்துக்கு வந்தது. 1999-இல் நார்தாம்ப்டன் குழுவின் சிக்ஸ்ஃபீல்ட்ஸ் அரங்கத்துக்கு வெளியே அவருக்கு நினைவுச்சின்னம் எழுப்பினார்கள். பிரான்சில் ஆராஸ் நினைவகத்துச் சுவரில், கல்லறை இல்லாமல் போன ஏறக்குறைய 35,000 வீரர்களின் பெயர்களோடு அவர் பெயரும் பொறிக்கப்பட்டிருக்கிறது.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது

இளைஞர்களே, வால்டரைப்போலப் பொறுமையாக இருங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு நான் முடித்தால் அது பாதி உண்மைதான். அவமானப்படுகிறவனுக்கே பொறுமையையும் போதித்துவிட்டுப் போவது சுலபம். வால்டர் தன் பங்கைச் சரியாகச் செய்தார். அவர் வாழ்க்கையில் வார்னாக் குடும்பம், சாப்மன், அந்தச் செய்தியாளர், பரிந்துரைத்த அதிகாரிகள், கடைசியில் பில்லிங்ஹம் என்று சிலர் தங்கள் பங்கையும் செய்தார்கள். அவர்களில் யாரும் பெரிய புரட்சி செய்யவில்லை. தன் கைக்கு எட்டியதைச் செய்தார்கள், அவ்வளவுதான்.

நம்மில் எல்லாரும் வால்டர் ஆகமுடியாது. ஆனால் இந்தச் சிலரில் ஒருவராக யாராலும் ஆகமுடியும். அடுத்தமுறை திடலிலோ வகுப்பிலோ வாட்ஸ்அப் குழுவிலோ யாராவது ஒரு பையனை, ஒரு பெண்ணை, நிறத்தைச் சொல்லிக் கிண்டல் பண்ணினால், சிரிக்காதீங்க. நிறுத்துடா என்று சொல்லுங்க. சொல்கிறவன் உங்கள் உயிர் நண்பனாக இருந்தாலும் சொல்லுங்க. பயிற்சிக்கு வராமல் போன பையன் வீட்டுக்கு ஒருநாள் போய், ஏன் வரலை என்று கேட்டு, கையோடு கூட்டிக்கிட்டு வாங்க.